மனை நந்தவனத்து அலரி

திருச்சிற்றம்பலம்

சிவபூசை உடையார் தம் மனைக்கண் ஒரு நந்தவனம் உடையராதல் வேண்டும் என்பது நம் பெரியோர் கொள்கை. நந்தவனம் என்ற சொற் கேட்ட துணையானே மதில் சூழ்ந்த பெருந்தோட்டத்தை உள்ளத்திற் கொண்டு, 'அஃது ஆதீனங்களுக்கும் திருக்கோயில்களுக்கும் அன்றோ இயலும். எளியேமாகிய எம்மால் ஆவதோ?' என்று ஒதுங்குவார் பலராயினர். வீட்டுப் புறத்தே நாற்சாண் நிலமும், பகல் முழுதும் படும் வெயிலும், வாரம் இருமுறை இரண்டு குடம் நீரும் உள்ளவழி ஓர் அலரிச் செடி செழித்து வளரும். அஃது எக்காலத்தும் பசுமை மாறாது நின்று, ஏறக்குறைய ஆண்டு முழுதும் பூத்தலின், பூசைக்குப் பூவில்லை என்னும் குறை அவ்வில்லத்தார்க்கு இல்லை. ஆதலின் அவ்வொரு செடியே அவர்க்கு நந்தவனமாம் என்க. அச்செடியைக் குறித்தே ஈண்டுச் சில கூறப் புகுந்தாம். அதற்கு ஒரு காரணமும் உண்டு. அது பின்னர் விளங்கும்.

அலரி என்பது நூல்வழக்கு. அரளி என்பது உலகவழக்கு. வடநூலார் கரவீரம் என்பர். செவ்வலரியைக் கணவீரம் என்றலும் பழந்தமிழ் வழக்கே. கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகையுள் இது கோட்டுப்பூவின்பாற் படும். புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், பாதிரி, நீலோற்பலம், அலரி, செந்தாமரை என எண்ணப்படும் அட்டபுட்பத்துள் இஃதொன்று. ஆயிரம் எருக்கம்பூவினும் ஓர் அலரிப்பூ மேலாம் என்று பூக்களின் ஏற்றத்தாழ்வு கூறும் வடமொழி வாக்கியங்களும் உள. கமலை ஞானப்பிரகாசர் புட்பவிதி என்றே ஒரு தனிநூல் செய்தருளினார் எனின், பூ எடுத்தலும் சாத்தலும் நம் முன்னோர்க்கு எத்துணைப் பெரிய காரியமாய் இருந்தன என்பது பெறப்படும். திருவாரூரையடுத்த திருக்கரவீரம் என்னும் தலம் இச்செடியின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. ஆண்டுத் தலமரம் அலரி; சுவாமி திருநாமம் கரவீரநாதர்; திருஞானசம்பந்தப் பெருமானார் அருளிய திருப்பதிகம் முதற்றிருமுறையுள் உளது. ஆலும் வில்வமும் வன்னியும் போன்ற பெருமரங்கள் தலமரமாதல் பலவிடத்தும் காண்கின்றோம். ஆளுயரத்துப் புதர்ச்செடியும் அப்பெருமை பெற்றமை இத்தலத்திற் காண்க.

இப்பூவுக்கு மற்றொரு வரலாறும் உண்டு. பண்டு கொலைத்தண்டம் பெற்றாரைக் கொலைக்களத்துக்கு உய்க்குங்கால் செவ்வலரி மாலை சூட்டி வீதிவழியே நடத்துவர். மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்துள், குற்றமிலனாகிய சாருதத்தன் கரவீர மாலை அணிந்தவனாய்க் கொலைக்களம் நோக்கி நடத்தப்படுகின்றான். திருமுருகாற்றுப்படையுள்ளோ, குறமகள் முருகப்பெருமானை வழிபட அமைத்த களத்திலே கணவீர மாலை தூக்கப்படுகின்றது. இறக்கப் போவான் கழுத்தும் இறைவனை வழிபடு களமும் ஒரே பூவைப் பெற்றமை நோக்கத்தக்கது. செந்நிறம் குருதியை நினைப்பித்தலே காரணம் என்பாரும் உளர். சாவைத் தரவல்ல நஞ்சு அச்செடியினுள் உறைதலும் உடன் காரணமாகலாம் என்பது எம் கருத்து.

இனி, யாம் வாழும் ஊரின் செய்தி. சேலம் நகர்க்குத் தெற்கே, சருகுமலையின் பக்கலில் உள்ளது பனமரத்துப்பட்டி. ஊர்ப்பெயர் பனையைச் சொல்லும்; கொல்லைகளோ அலரியைச் சொல்லும். ஊரையடுத்த பேரேரி ஒருகாலத்துச் சேலம் நகர்க்குக் குடிநீர் தந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் அதன் அடிநிலம் வெடித்துக் கிடந்ததும் கண்டோம். நெல்லும் கரும்பும் கருகும் அக்காலத்தும் அலரி மட்டும் பசுமை குன்றாது நின்றது. இதற்குக் காரணம் அதன் இலையின் அமைப்பென்பர் தாவரநூலார். தோல்போல் தடித்த அவ்விலையின் அடிப்புறத்தே மயிரடர்ந்த நுண்குழிகள் உள. மூச்சுத்துளைகள் அக்குழிகளினுள்ளே ஒளிந்திருத்தலின் வெங்காற்று இலையின் ஈரத்தை எளிதிற் பறிக்க மாட்டாது. வானத்தை நம்பிய எம் பக்கத்து உழவர் இச்செடியைத் தழுவிக்கொண்டதன் காரணம் இஃதே. வெள்ளலரி, செவ்வலரி, இளஞ்சிவப்பு என மூவகையும் மொட்டாகப் பறிக்கப்பட்டுச் சேலம் வ. உ. சி. பூச்சந்தைக்கும், அங்கிருந்து தொலைவிலுள்ள நகரங்களுக்கும் செல்கின்றன. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றிற் சாத்தப்படும் அலரி மாலைகளுள் எம்மூர்ப் பக்கத்துப் பூவும் இருத்தல் எமக்கு ஒரு மகிழ்ச்சி.

முன்னர்க் கூறிய காரணத்தை இனிக் கூறுதும். 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில், கேரள நாட்டிலே ஓர் இளம்பெண்ணின் சாவு அலரியைக் கடித்து மென்றமையால் நேர்ந்ததோ என்னும் ஐயம் எழுந்தது. அதனையொட்டித் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம், தன் ஆட்சிக்குட்பட்ட கோயில்களில் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அலரிப்பூவைச் சேர்த்தலாகாது என்று ஆணையிட்டது. மலபார் தேவஸ்வம் வாரியமும் அவ்வழியே நின்றது. இச்செய்தி பரவிய பின்னர் எம்பால் வந்த அன்பர் சிலர், 'நஞ்சுள்ள பூவைச் சிவபெருமானுக்குச் சாத்துதல் தகுமோ? செடியை வெட்டி எறிந்துவிடலாமோ?' என வினாவினர். வேறு சிலர், 'இறைவன் திருமேனி தீண்டிய பூ நஞ்சாவது எங்ஙனம்? அன்பின்மையால் வந்த அச்சம் இது' என்று வெகுண்டனர். இருதிறத்தார் கூற்றும் சித்தாந்தத்தோடு பொருந்தா என்பது எம் துணிபு.

முதற்கண் நஞ்சு உண்டென்பதை ஐயமற உணர்க. அலரியின் வேர், பட்டை, இலை, பூ, வித்து, சாறு ஆகிய எல்லாவுறுப்பும் நஞ்சுடையன. ஒலியாண்ட்ரின் முதலாய அந்நஞ்சுகள் நெஞ்சத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும் என்பர் மருத்துவர். இலை உலர்ந்து சருகான பின்னும் அந்நஞ்சு நீங்குவதில்லை. மாடு, ஆடு, குதிரை முதலிய விலங்குகட்கும் இதனால் இறுதியுண்டு.

அற்றேல் அதனைச் சாத்துதல் எங்ஙனம் தகும் எனின், கூறுதும். அருச்சனை வேறு, நிவேதனம் வேறு. நிவேதனம் உண்ணுதற்குரிய பொருள். இறைவனுக்கு ஊட்டி, பின்னர் அடியார் உண்பது. அருச்சனைப் பூவோ திருவடியில் இடுதற்குரியது. அது நம் வாய்க்கு உரியதன்று. எருக்கும் ஊமத்தையும் அலரியும் உண்ணத் தகாதனவாயினும் நஞ்சுண்ட கண்டனாகிய பெருமானுக்கு உகந்தனவாக நூல்கள் வைத்தன. இன்னும் ஒன்று. பூவை இடுவோனாகிய உயிர் தானும் எத்தன்மையது? செம்பிற் களிம்பு போலவும், நெல்லின்கண் உமி போலவும் அனாதியே ஆணவத்தோடு உடன் நிற்பது. 'மலம் முற்றும் கழிந்த பின்னரே திருவடியைச் சார்வேன்' என்று ஓர் உயிர் காத்திருப்பின், அது சாரும் நாள் வாராது. சார்தலே கழிதற்கு வாயில். அகத்தே நஞ்சுடைய செடி தன்பால் உள்ள அழகிய பூவை நீட்டுகின்றது. பெருமான் அதனை மறாது ஏற்றருளுகின்றான். 'நின் வேரில் நஞ்சுண்டே' என்று அவன் ஒதுக்கினனாயின், நம்மையும் ஒதுக்குதல் முறையாய்விடும். உவமை ஒருபுடை ஒப்புமையே. செடியின் நஞ்சை அதன் ஆணவமென்று கொள்ளற்க. செடியும் எழுவகைப் பிறப்பினுள் தாவரம் என எண்ணப்பட்ட ஓருயிரே. அதற்கும் ஆணவம் வேறு உண்டு.

இனி வெகுண்டாரை நோக்கிக் கூறுவோம். திருமேனி தீண்டிய பூ தூயது என்பதில் யாம் மாறுபடேம். தூய்மை எய்திய அதனாலேயே நஞ்சு இல்லையாயிற்று என்றல் எவ்வாறு பொருந்தும்? குணியை விட்டுக் குணம் பிரிந்து நில்லாது, உள்ளது இல்லதாகாது, இவை நம் சித்தாந்தத்தின் அடிநிலை. முத்திநிலையினும் மலம் அழிந்தொழிவதில்லை, அதன் சத்தியே மடங்கும் என்று கூறும் நாம், ஒரு பூவின் நஞ்சு திருமேனி தீண்டிய கணத்தே பொய்யாயிற்று என்போமாயின், அது மாயாவாதியின் வாயிற் போய் முடியும். பெருமான் திருமுன் ஏற்றிய கற்பூரச் சுடரும் கையை வைத்தாற் சுடவே செய்கின்றது. சுடுதலால் அதன் தூய்மை குறைந்ததென்பார் யார்? 'அப்பரடிகள் நஞ்சு கலந்த பாலடிசில் உண்டும் பிழைத்திலரோ?' என்று ஓர் அன்பர் எம்மை மடக்கினார். அடிகள் உண்டது பகைவர் வஞ்சித்து ஊட்டியது. பிழைத்தது பெருமான் திருவருள். அருளாளர் வரலாற்றைச் சான்றாகக் காட்டித் தாமே நஞ்சை வாயிலிடுதல், பெருமானைச் சோதித்தலாமன்றி அன்பாகாது.

இவ்விரு கூற்றையும் விலக்கவே, செய்யத்தக்கது எளிதிற் புலப்படும். அலரி திருவடிக்கு உரியது, வாய்க்கு உரியதன்று. பூசை முறையைப் பிறழாது செய்வார்க்கு இதற்கெனப் புதுவிதி வேண்டுவதுமில்லை. முதல்நாட் சாத்திய நிர்மாலியத்தைக் களைந்த பின்னரே அபிடேகம். அபிடேகத்தின் பின்னரே அலங்காரமும் அருச்சனையும். இவ்வரிசை வழுவாவிடின் அபிடேகப் பாலும் தேனும் நீரும் அலரியைத் தீண்டுதற்கு இடனே இல்லை. பூச்சாத்திய மேனியின் மீதே பாலைச் சொரிந்து, கோமுகை வழியே வருவதைக் கையேந்திப் பருகும் சோர்வு சிலவிடத்துப் புகுந்துவிட்டது. தீர்த்தக் கலசத்தினுள் மிதக்கவிடும் பூவும், பஞ்சாமிர்தத்தின் மேல் அழகுக்கென்று தூவும் பூவும், திருநீற்றுத் தட்டில் அன்பர்க்கு எடுத்து வழங்கும் பூவும் அலரியாதல் கூடாது. அவற்றுக்கு வில்வமோ துளசியோ கொள்க. சிறு குழந்தைகள் கையிற் கொடுத்த பூவை வாயிலிட்டுச் சுவைத்தல் இயல்பு. பெரியோரும் பிரசாதப் பூவின் ஓரிதழை நாவிலிட்டுக் கொள்ளும் வழக்கம் உடையர். யாரேனும் அறியாது தின்றுவிடின், வாந்தியும் தலைச்சுற்றும் வருமளவும் பாராது, கைவைத்தியத்தில் நாழிகை போக்காது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

ஈண்டுப் பெயர்மயக்கம் ஒன்றையும் அகற்றுதல் வேண்டும். அலரி என்னும் பெயர் மூன்று செடிகட்கு வழங்குகின்றது. யாம் கூறுவது, கணுவொன்றுக்கு மும்மூன்றாக நீண்டு கூரிய இலை சூழ்ந்து, கிளைநுனியிற் கொத்தாகப் பூப்பது. மஞ்சட்பூவும் முக்கோணக் காயுமாய் நிற்கும் பொன்னலரி வேறு. தடித்த கிளையும், நறுமணம் கமழும் வெண்பூவுமாய் நிற்கும் ஈழத்தலரி அதனினும் வேறு. பின்னைய இரண்டும் அமெரிக்கக் கண்டத்தினின்றும் பிற்காலத்து வந்தன. ஆதலின் ஆகமங்கள் கரவீரம் என்றது இவற்றையன்று. மூன்றும் ஒரு குடும்பத்தனவே. பொன்னலரியின் வித்து மிகக் கொடிது. 1980 ஆம் ஆண்டுகள் முதலாக ஈழத்து யாழ்ப்பாணத்தும் பிறவிடங்களினும் அதனால் நேர்ந்த சாவுகள் பல. மக்கள் உள்ள வீட்டில் அதனை வையாமை நன்று.

செடி வைக்கும் முறையை இனிக் கூறுதும். ஆடி மாதத்து மழை தொடங்கும் காலம் ஏற்றது. நோயற்ற செடியில், சென்ற ஆண்டு முற்றிய கிளையைச் சுண்டுவிரற் பருமனும் ஒரு சாணுக்குச் சிறிது மிக்க நீளமும் உடையதாகக் கொய்து, நுனியில் நான்கைந்து இலை நிற்க ஏனையவற்றைக் களைந்து, இரண்டு கணு மண்ணுள் அமையுமாறு நடுக. மூன்று நான்கு வாரத்தில் வேர்கொள்ளும். பதியம் வைத்தும் பெறலாம். நிலைக்குழி ஒன்றரை அடி அகலமும் அவ்வளவு ஆழமும் போதும். மக்கிய தொழுவுரமும் செம்மண்ணும் கலந்து நிரப்புக. எம் பக்கத்துச் செம்மண்ணாயினும், கரிசலாயினும், உவர் கலந்த நிலமாயினும் அலரிக்குக் குறையில்லை. நீர் தேங்குமிடம் ஒன்றே ஆகாது. நிழலில் வைப்பின் செடி உயரும், பூ அருகும். மாடிவீட்டார் ஒன்றரை அடித் தொட்டியிலும் வளர்க்கலாம்; தொட்டிச் செடிக்குக் கோடையில் நாள்தோறும் நீர் வேண்டும். ஆடுமாடு வாயெட்டும் இடத்தும், சிறார் விளையாடும் முற்றத்தும், சருகு வீழ்ந்து கலக்கும் கிணற்றுவாயிலும் நடற்க. 'அலரி வீட்டுக்கு ஆகாது' என்று முதியோர் கூறும் சொல் இவ்விடங்களைக் கருதி எழுந்ததென்றே யாம் கொள்கின்றோம். புறக்கடை வேலியோரம் வைப்பதற்கு யாதொரு தடையுமில்லை. நெடுஞ்சாலையின் நடுவரம்பில் வண்டிப் புகையையும் அனலையும் தாங்கி இச்செடியே பூத்து நிற்றலை நாள்தோறும் காண்கின்றோமன்றோ!

நட்ட நான்காந் திங்களிலேயே பூ வரத் தொடங்கும். பங்குனி முதல் ஆவணி வரை பூ மிகும், பனிக்காலத்துக் குறையும். பூ வருவது புதுத்தளிரின் நுனியில் ஆதலின், ஆண்டுக்கொருகால் பூக் குறைந்த பருவத்தே கவாத்துச் செய்தல் வேண்டும். ஒரு கிளையை வெட்டினால் அவ்விடத்து இரண்டு மூன்று கிளைக்கும். நுனி பலவாகப் பூவும் பலவாம். வளர்ப்போர் பலர் இரக்கத்தால் வெட்ட மாட்டாது விட்டுவிடுகின்றனர். செடி ஒட்டடைக்கோல் போல் உயர்ந்து உச்சியில் நான்கு பூ வைத்து நிற்கும். வெட்டுமிடத்து ஊறும் சாறு கண்ணிலும் புண்ணிலும் படாமற் காத்துக் கையை நன்கு கழுவுக. வெட்டிய கழியை அடுப்பெரித்தலும் குப்பையோடு கொளுத்துதலும் கூடா. அப்புகையும் தீங்கு செய்யும். அலரிக் குச்சியைக் கிளறுகோலாகவோ பற்குச்சியாகவோ கொள்வாரும் சிலவிடத்து உளர். அவரைத் தடுத்தல் ஒரு பெரிய அறம்.

தளிரில் மஞ்சள்நிற அசுவினி மொய்க்கும்; சிலகால் மாவுப்பூச்சி வெண்துகள் போற் படியும். சிறிதாயின் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்; மிகுந்தால் வேப்பெண்ணெயைச் சவர்க்கார நீரிற் கலந்து மாலையில் தெளிக்க. பச்சைநிறத்துப் பெரும்புழு ஒன்று உண்டு. முன்புறத்தே நீலக்கண் போன்ற இரு புள்ளி உடையது. ஒருநாளிற் கிளையையே மொட்டையாக்கும். கரும்பழுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழுவும் இவ்விலையை உண்டு வளரும். அதன் கூடு இலையடியில் வெள்ளிக்குமிழ் போல் மின்னித் தொங்குதல் கண்ணுக்கினிய காட்சி. எருதையே சாய்க்கும் நஞ்சு இவற்றுக்கு உணவாயிற்று. வேம்பிற் புழுவை உயிர்க்கு உவமை கூறுவோர் அலரிப் புழுவையும் ஒருகால் நோக்குவாராக. பூசைக்கென வளர்ப்பவர் இவற்றை நசுக்கற்க. இலையோடு கிள்ளி எடுத்து வேலிப்புறத்து வேறோர் அலரியில் விட்டால் அமையும்.

பூ எடுக்கும் முறை யாவரும் அறிந்ததே யாதலின் விரித்திலம். நீராடி, கதிரவன் எழுமுன், வாய் பேசாது, திருப்பூங்கூடையில் எடுக்க; புழுக்கடித்தனவும், தாமே உதிர்ந்தனவும், மயிர் பட்டனவும், சிலந்திக்கூடு படிந்தனவும், மோந்தனவும் விலக்குக. திருப்புகலூர் முருகநாயனார் நால்வகைப் பூவும் வைகறையில் எடுத்து மாலை தொடுத்த தொண்டே அவரை அறுபத்துமூவருள் ஒருவராக்கிற்று. எம் சேலம் நாட்டுக்கு அண்மையதாகிய கருவூரில், சிவகாமியாண்டார் கையிலிருந்த பூவைப் பட்டத்து யானை பறித்துச் சிந்தியதற்காக எறிபத்த நாயனார் யானையையும் பாகரையும் வெட்டி வீழ்த்தியதும், சோழ மன்னர் தம் வாளையும் நீட்டி 'எம்மையும் கொன்றருளல் தகும்' எனும் குறிப்போடு நின்றதும் பெரியபுராணத்துட் கேட்கின்றோம். ஒரு கூடைப் பூ அவர்க்கு அத்துணைப் பொருளாயிற்று. தாயுமான சுவாமிகளோ, பூவினுள்ளும் பெருமானையே கண்டு பறிக்க மனமின்றி நின்றார். இவ்விரண்டனுள் எது மேல் என்று வழக்கிடுவார்க்கு ஒன்று கூறுவோம். சுவாமிகள் நின்றது ஞானநிலை. சரியையிலும் கிரியையிலும் நிற்கும் நாம் பறிக்க மாட்டேம் என்பது பெரும்பாலும் சோம்பலுக்கு இட்ட பெயர். கொல்லாமை, ஐம்பொறியடக்கல், பொறை, இரக்கம், அறிவு, மெய்ம்மை, தவம், அன்பு என்னும் அகத்துப் பூ எட்டும் நம்பால் மலரும் வரையில் புறத்துப் பூவை விடற்க.

இனி, விலைக்குக் கொண்ட பூவைப் பற்றி. எம்மூர்க் கொல்லையில் மொட்டுப் பறித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரை, 'விரிந்த பின் பறித்தாலாகாதா அம்மா?' என்று வினாவினேம். 'மொட்டா பறிச்சாத்தானுங்க ஐயா ஊரு போய்ச் சேரயில விரியும். விரிஞ்ச பூவ ஆருங்க வாங்குவாங்க?' என்றார். அவர் கூறியது உண்மை. சண்பகமும் தாமரையும் ஒழிந்த பூக்களை மொட்டாகச் சாத்தலாகாது என்பதோ விதி. இதனைக் கொண்டு உழவரைக் குறை கூறுவார் அறியாதார்; விழாநாளில் ஏறி மற்றைநாளிற் பறிகூலிக்கும் காணாது இறங்கும் விலையை நம்பி அவர் வாழ்கின்றனர். கடமை வாங்குவோர்பாலது. வாங்கிய மொட்டை உடனே சாத்தாது, நீர் தெளித்து வாழையிலையில் மூடி வைத்து, விரிந்த பின்னர்ச் சாத்துக. அலரிப்பூவை மூன்று நாள் வரை வைத்துச் சாத்தலாம் என்னும் இசைவு சைவ நூல்களில் உண்மையின், முதல்நாட் பறித்ததென்னும் குற்றம் அதற்கு இல்லை. சந்தைப் பூவிற் பூச்சிமருந்து படிந்திருத்தல் கூடுமாதலின் நல்ல நீரில் அலசிக் கொள்க. இத்துணையும் செய்யினும், தான் நீர் வார்த்துத் தான் புழு நீக்கித் தான் விடியலில் எழுந்து கொய்த ஐந்து பூவுக்கு அது நிகராகாது. சிவஞானசித்தியார் பூக்கொய்தலையும் மாலை தொடுத்தலையும் தாசமார்க்கமாகிய சரியையுள் வைத்தமை காண்க. விலை கொடுத்துப் பெறுவது பூ ஒன்றே. அத்தொண்டு கடையிற் கிடைப்பதன்று.

இறுதியாக நிர்மாலியம். மடங்களில் உள்ளோர் இதனைச் சிறப்பாகக் கருத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். களைந்த மாலைகளைக் கூடையோடு கொண்டுபோய்ப் பசுமடத்துத் தொட்டியிற் கொட்டும் வழக்கம் சிலவிடத்து உண்டு. வில்வமும் சாமந்தியும் கலந்த குவியலில் அலரி கிடப்பதைப் பசு பகுத்தறிய மாட்டாது. பச்சையில் கசப்பென்று விலக்கும் அது, வாடிய பின் மற்றவற்றோடு கலந்துழித் தின்றுவிடும். சிறிதளவும் அதன் உயிருக்கு இறுதி. நாள்தோறும் கோமியமும் சாணமும் பாலும் தந்து பூசைக்கு உதவும் ஆவுக்கு நாமே நஞ்சூட்டுதல் எத்துணைக் கொடுமை! ஆதலின் அலரி மாலையைக் களையும்போதே வேறு கூடையில் இடுக. அக்கூடை பசுமடத்தின் பக்கலும் செல்லலாகாது. குளத்திலும் கிணற்றிலும் எறியற்க. நந்தவனத்து ஒரு மூலையில் ஒரு முழ ஆழத்துக் குழி எடுத்து அலரிக்கெனவே வைத்து, நாளும் இட்டு மண் மூடி வருக. வாழைநாரிற் கட்டிய மாலை நாரோடு மக்கும். நெகிழி நூலாற் கட்டியதாயின் நூலை முன்னரே உருவி எடுத்துவிடுக.

திருச்சிற்றம்பலம்